சர்வர் யாருக்குப் பக்கத்தில்?

அண்ணிக்குத் தொழில் ஷூ தைப்பது. கொழுந்தனுக்குத் தொழில் கம்ப்யூட்டர். அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொள்வது உபதொழில்.

ஒரு பாதம் பெரிதாகவும் ஒரு பாதம் சிறிதாகவும் உள்ளவர்களுக்குத்தான் அவள் தைப்பாள். ஒவ்வொருவருக்கும் மரத்தில் தனித்தனிப் பாத அச்சு. உள்ளூரில் அப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? கடல் தாண்டி ஒரு நாட்டில் இத்தகைய பாதக்காரர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றுக்கு அவள் தைத்த ஜோடியின் படம் எப்படியோ போய்ச் சேர்ந்தது. ஆளுக்கு ஆள் விசாரித்தார்கள். கொழுந்தன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி ஓர் இணையதளம் செய்தான்.

அதை வைக்க இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனம், தளம் குடியிருக்கும் கம்ப்யூட்டரான சர்வர் எந்த நாட்டில் வேண்டும் என்று கேட்டது. அவன் யோசிக்கவே இல்லை.

"நம்ம ஊர்லயே எடுத்துட்டேன் அண்ணி. பஸ் ஏறினா போய்த் தொட்டுப் பார்த்துட்டு வந்துடலாம். எவ்வளவு பக்கமோ அவ்வளவு வேகம்!"

தட்டிக் காட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் ஷூக்கள் பளபளவென்று வந்து நின்றன. அண்ணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. விசாரித்தவர்கள் எல்லாம் எங்கே போனார்களோ! தெருக்கோடி ஷூ தொழிற்சாலையில் பசை ஒட்டும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். அவள் அச்சுகளை ஒவ்வொன்றாகப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கொழுந்தன் தினமும் பட்டறையில் உட்கார்ந்து தளத்தைத் திறந்து பார்ப்பான். அது பறக்கும்.

"சைட்ல ஒரு குறையும் இல்ல அண்ணி. ஜனங்களுக்குத்தான் ரசனை போயிடுச்சு."

பெட்டி பாதி நிறைந்திருந்தபோது ஒரு மதியம் முதல் ஆர்டர் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்து இசை ஆசிரியை ஒருத்தி. கூடவே ஒரு செய்தியும் எழுதியிருந்தாள்.

'உங்கள் பக்கத்தைத் தட்டிவிட்டுப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். திரும்பி வந்தால் பாதிப் படம்தான் வந்திருந்தது. துணி மடித்தேன். அப்போதும் முக்கால்தான். குழுவில் மற்றவர்கள் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. என் இரண்டு பாதங்களுக்கும் சேர்ந்தாற்போல் ஒரு ஜோடி இதுவரை கிடைத்ததே இல்லை.'

நம்பாமல் போய்விடுவார்களோ என்று வீடியோவும் அனுப்பியிருந்தாள். வெள்ளைத் திரை. மேலே ஷூவின் நாடா தெரிந்தது. அடிப்பாகம் தெரிவதற்குள் அண்ணிக்குக் கொட்டாவி வந்துவிட்டது. கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை.

"பக்கத்துல இருந்தா வேகமா இருக்கும்னுதான் அண்ணி..."

"யாருக்குடா பக்கத்துல? நாமளா வாங்கப் போறோம்? என் காலை அளந்து அவங்களுக்கு ஷூ தைச்ச மாதிரி பண்ணி வெச்சிருக்கியே!"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பாவம், அவனும் ஆசையாகத்தானே செய்தான்.

அன்றே அவன் சர்வரை அந்த நாட்டுக்கு மாற்ற உட்கார்ந்தான். யானை கனமிருந்த படங்களையும் சுருக்கினான். வேலை முடிந்ததும், இப்போது எப்படி இருக்கிறது என்று ஆசிரியையிடமே கேட்டான். 'செடிகள் வாடுகின்றன, தண்ணீர் ஊற்ற நேரமே தரமாட்டேன் என்கிறீர்கள்' என்று பதில் வந்தது. குழுவிலும் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த வாரமே ஆர்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. அண்ணி தொழிற்சாலைக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, அச்சுகளைத் துணியிலிருந்து பிரித்துப் பழையபடி அலமாரியில் அடுக்கினாள்.

இப்போது பட்டறையில் திறந்தால்தான் தளம் கொஞ்சம் திணறுகிறது. கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"நமக்கு லேட்டாகுது அண்ணி. பார்க்கவே கஷ்டமா இருக்கு. ஏதாவது பண்ணட்டுமா?"

"கையை எடுடா."

மேஜையில் ஆசிரியைக்கான புது அச்சுகள் இரண்டும் இருந்தன, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அண்ணி சின்னதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரென்றே தெரியாத ஒருத்தி தனக்காக அத்தனை நேரம் பொறுத்திருந்ததை நினைத்தபோது அவளுக்கு நன்றியில் நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது.

"அந்தம்மா காத்திருந்தாங்க இல்ல? நான் இவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க மாட்டேனா?"

படம் முழுதாக வரும்வரை அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.