கட்டாய அன்பளிப்பு

‘மீட்டர்’ என்று எல்லாரும் கூப்பிடும் அந்தப் பெரியவருக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆட்களைக் கடலடி நீச்சலுக்குக் கூட்டிப்போகும் படகின் அலுவலகத்தில் அன்று காலை அவர் துடைத்த துடைப்பைப் பார்த்து, அவர் மனைவி ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள், இந்த மனிதர் யாரோ எவரோ என்பது போல.

விஷயம் இதுதான். பில்லின் அடியில் ‘பணியாளர் அன்பளிப்பு - கட்டாயம்’ என்று அச்சடித்து, மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்திருந்தார்கள்.

“அன்பளிப்புன்னா அன்பா குடுக்கறது. கட்டாயம்னா அது வரி. ரெண்டும் எப்படிம்மா ஒரே வரியில வரும்?” என்று மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணைக் கேட்டார்.

அந்தப் பெண் இதே கேள்வியை விதவிதமான குரல்களில் கேட்டுச் சலித்தவள். முன்பு படகில் டிப்ஸ் பெட்டி ஒன்று இருந்ததாம். சிரித்த முகத்தோடு மேலே நிற்பவருக்கு அள்ளிக் கொடுத்தார்கள், கீழே எஞ்சினோடு மல்லுக்கட்டுகிற ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. அதனால் படகுக்காரர்களே கேட்டுக்கொண்டு செய்த ஏற்பாடு என்றாள். சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளி, அதை எதற்கு என் தலையில் கட்டுகிறீர்கள் என்றார் மீட்டர். கேள்வி நியாயம்தான். ஆனால் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மனைவி எழுந்து வந்து, தான் சீட்டுப் போட்டு எடுத்த பணத்தில் கணக்கை முடித்து, அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள்.

மீட்டர் கஞ்சர் இல்லை. ஓய்வு பெறும்வரை தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவர். பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. எண்ணைக் குறைத்து எழுதச் சொல்லிப் பணம் நீட்டியவர்கள் சிலர். வெயிலில் வந்திருக்கிறாரே, ஒரு டீ குடிக்கட்டும் என்று நீட்டியவர்கள் நிறையப் பேர். இரண்டு வகையையும் அவர் ஒரே மாதிரி மறுத்தார். கை நீட்டினால் தலை குனிய வேண்டும் என்பது அவர் கட்சி. கூட வேலை செய்தவர்கள் பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். அதையும் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் வலிக்கு நீச்சல் குளத்தில் நடக்கச் சொன்னார் டாக்டர். குளத்துப் பயிற்சியாளர் ஒருநாள் பெண்களுக்கெல்லாம் முதுகில் சிலிண்டரை மாட்டித் தண்ணீருக்கடியில் கூட்டிப்போனார். மேலே வந்தவள், “உள்ள போனா முழங்காலே இல்லாத மாதிரி இருக்குங்க” என்றாள். அவ்வளவுதான், முறையாகக் கற்றுக்கொண்டு, கடலையும் பார்த்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. காலமெல்லாம் தண்ணீரை அளந்த மீட்டருக்கோ நீச்சல் தெரியாது. தண்ணீர் குழாய்க்குள் இருக்கிறவரைக்கும்தான் நல்ல பிள்ளை என்பார். இருந்தாலும் அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே கிளம்பிவந்தார்.

படகு கரையை விட்டு நகர்ந்ததும் அவர் வயிறு புரண்டது. முதல் நாள் முழுவதும் பக்கெட்டும் கையுமாகக் கிடந்தார். பூசணிக்காய் போல உருண்டு திரண்ட சமையல்காரர்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். பக்கெட்டை அவரே எடுத்துப் போய்க் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். முகம் சுளிக்கவில்லை. மீட்டருக்கு அது கூச்சமாக இருந்தது. பெற்ற மகளிடம்கூட அவர் அப்படி வேலை வாங்கியதில்லை.

மறுநாள் காலை தலை நிமிர்ந்தது. ஆனால் வேறு வேதனை தொடங்கியது. மனைவி முகமூடியைப் பிடித்துக்கொண்டு கடலில் குதித்து, கண் முன்னாலேயே காணாமல் போனாள். மேலே வந்து உடையும் குமிழிகளில் எது அவளுடையது என்று தேடிக்கொண்டு கம்பியைப் பற்றியபடி நின்றார். சிலிண்டரில் காற்று நிரப்புகிற ஒல்லியான ஆள் அவர் விரல் வெளுத்திருப்பதைப் பார்த்தான். படகில் அவனுக்குக் ‘காத்து’ என்றே பெயர்.

“சும்மா நின்னா மனசு எங்கெங்கயோ போகும்ணே. இதைக் கழுவிக் குடுங்க” என்று ஒரு தொட்டி நிறைய முகமூடிகளை முன்னால் வைத்தான்.

மீட்டர் கழுவினார். நீந்தியவர்கள் ஏறி வந்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டார், காலில் மாட்டிய ரப்பர் துடுப்புகளை வாங்கி அடுக்கினார். அடுக்கியதில் ஜோடி மாறிவிட்டது. அடுத்த முறை இறங்கிய ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஒரு காலில் தன்னுடையதும் மறு காலில் யாரோ ஆஜானுபாகுவினுடையதுமாக வாத்து போல நடந்துபோனார். காத்து விழுந்து விழுந்து சிரித்தான். மீட்டர் அன்று சாயங்காலத்துக்குள் எந்தக் கால் எந்தத் துடுப்புக்கு என்று படித்துக்கொண்டார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, வெங்காயம் உரிக்கிறேன் என்று சமையலறைக்குள்ளும் நுழைந்தார். படகை ஓட்டுகிற அம்மாளிடம் ஓரமாக நிற்கவில்லை என்று ஏச்சும் வாங்கினார். மனைவி ஒவ்வொரு தடவை ஏணியில் ஏறும்போதும் மட்டும், துடுப்பை வாங்குவதற்கு முன்னால் அவள் ஈரத் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். பயணிகள் இறங்கினார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் போகிற போக்கில் மீட்டரின் சட்டைப்பையில் எதையோ செருகி, “நல்லா பாத்துக்கிட்டீங்க” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். எடுத்துப் பார்த்தால் பணம். மீட்டர் அந்த நோட்டை உயர்த்திக் காட்டியபடி பின்னாலேயே ஓடினார். மருந்துக்கடைக்காரர் அதற்குள் காரில் ஏறிவிட்டார். படகுக்காரர் டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து, அவரும் கண்ணாடியை இறக்கிக் கை அசைத்துக்கொண்டே போனார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவரிடம் சமையல்காரர், அதைப் பொதுச் சட்டியில் போட்டுவிடுங்கள் என்றார். மேல்வரும்படி யார் கைக்கு வந்தாலும் சட்டிக்குத்தானாம். விட்டது தொல்லை என்று போட்டார். கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து கட்டாய அன்பளிப்பும் வந்து சேர்ந்தது. படகம்மாள் எல்லாவற்றையும் சமையலறை மேசையில் கொட்டி, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தாள். ஒரு சின்னப் பங்கு மீட்டர் பக்கம் நகர்ந்து வந்தது.

“ரெண்டு நாள் வேலைக்கு ரெண்டு நாள் பங்கு. முதல் நாள் நீங்க எங்களுக்கு வேலை வெச்சீங்க, அதைச் சேர்க்கலை” என்றார் சமையல்காரர்.

மீட்டர் விரல் நுனியால் அதைத் திருப்பித் தள்ளினார். “எனக்கு வேண்டாம். இந்த வயசு வரைக்கும் யார்கிட்டயும் நான் இப்படி வாங்கினதில்லை.”

பழக்கத்தில் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டார். தன் பங்கை மடித்துக்கொண்டிருந்த காத்து நிமிர்ந்து பார்த்தான்.

“வாங்கறது அவ்வளவு கேவலமாண்ணே?”

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் மீட்டர் சமாளித்திருப்பார். தெரிந்துகொள்வதற்காகக் கேட்பவன் போலக் கேட்டான். கொடுக்க வந்தவருக்கும் தனக்கும் நடுவில் உள்ள விஷயம் என்றுதான் அவர் இத்தனை காலமும் இதை நினைத்திருந்தார். பக்கத்தில் வாங்கிக்கொண்டு நிற்பவர்களுக்குத் தன் மறுப்பு எப்படிக் கேட்கும் என்று யோசித்ததே இல்லை.

வாசல் படியில் உட்கார்ந்து நீச்சலுடையைப் பிழிந்துகொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள்:

“வாங்கிக்கோங்க. நான் வாங்கியிருக்கேன்.”

“எப்போ?”

“வார்டுல. வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து.”

படகம்மாளுக்குத் திடீரென்று கயிறு ஒன்றைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. சமையல்காரர் கூரையை ஆராய்ந்தார்.

“காசு குடுத்தாத்தான் குழந்தையைக் கண்ணுல காட்டுவேன்னு சொல்றவங்களும் அங்க இருந்தாங்க. நான் ஒருநாளும் கேட்டதில்லை” என்றாள் மனைவி. “ஆனா ஒரு மனுஷன் சந்தோஷத்துல கையை நீட்டும்போது, அதைத் தட்டிவிட எனக்கு மனசு வரலை.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னா கண்ணாடியைத் துடைப்பீங்க. நம்ம பொண்ணு ஸ்கூல் பஸ்ல போனாளே, அது உங்க சம்பளத்துல மட்டும் ஓடலை.”

மீட்டர் தனக்குள் கோபத்தைத் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. அவள் வேலை முடிந்து வரும் சில சாயங்காலங்கள்தான் ஞாபகம் வந்தன. முகம் பூரித்திருக்கும். என்ன விசேஷம் என்பார். ஒண்ணுமில்லை என்று உள்ளே போய்விடுவாள். அவள் பணத்தை மறைத்ததைவிட, தனக்குப் பயந்து அந்தப் பூரிப்பையும் சேர்த்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாளே என்பதுதான் அவரை என்னவோ செய்தது.

பங்கை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “கேவலம் இல்லை தம்பி. எனக்குத்தான் வாங்கத் தெரியலை” என்றார். காத்து சிரித்துக்கொண்டே, வாங்கினால் எண்ணிப் பார்க்க வேண்டும், அதுதான் மரியாதை என்றான். மீட்டர் வெளியே எடுத்து எல்லார் முன்னாலும் எண்ணினார். காது மடல் சிவந்துவிட்டது.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் அவளுக்கு. ஊரை விட்டு வண்டி வெளியே வந்ததும், “எல்லாத்தையும் சொல்லு” என்றார்.

“எதை?”

“யார் யார் குடுத்தாங்க, என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு.”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். கொடுக்கக் கையில் காசில்லாததால், தன் சைக்கிளில் அவளை ஏற்றி வீடுவரை கொண்டுவிட்ட தச்சரைப் பற்றிச் சொன்னாள். பெண் குழந்தைதானே, இது போதும் என்று கிழிந்த நோட்டை நீட்டிய மாமியாரிடம், வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்ததைச் சொன்னாள். ஒரு டாக்சி டிரைவர் குழந்தை பிறந்ததென்று பணம் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போயிருக்கிறார். பின்னாலேயே இன்னொன்றும் பிறந்தது, இரட்டை. செய்தி கேட்டவர் வாட்ச்மேனிடம் கடன் வாங்கிக்கொண்டு மறுபடி மூச்சிரைக்க மேலே ஓடி வந்து, “ரெண்டுக்கும் ஒரே அளவுதாம்மா, பின்னாடி சண்டை வரக்கூடாது” என்றாராம்.

மீட்டர் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை. மனைவியின் ஈரப் பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, அவள் பக்கம் வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“அப்புறம்?” என்றார்.