வீரப்பன் மீசையில் நரை

மலேசியாவின் புலாவ் செபாங்கில் ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது; அறுபத்து மூன்று வயது வீரப்பனின் மீசை மட்டும் அன்று போலவே கறுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவர் மை பூசுவது, மனைவி அன்னம்மாவுக்கும் ஊரில் மற்ற எல்லாருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் தலைவர் தேர்தல். எதிரே நிற்பவர் நரைத்த தலை அப்புசாமி. ஆகவே "இளமையான தலைமை" என்று பேனர் அடிக்க, வீரப்பன் அன்னம்மாவோடு தேவமலரின் அச்சுக் கடைக்குப் போனார். அவருடைய கைப்பேசிப் படத்தை அவள் பத்தடிக்கு இழுத்ததும் மீசையின் ஓரம் படிக்கட்டு போல நின்றது.

"என்னம்மா இது, பத்துமலைப் படி ஏறவா?"

"சின்ன படம் அங்கிள், இழுத்தா கட்டம் கட்டமா தெரியும்லா. இருங்க, ஓரத்த வழவழன்னு ஆக்குறேன்."

ஆக்கினாள். வீரப்பன் கண்ணாடி போட்டுக்கொண்டு திரையில் மூக்கை வைத்துப் பார்த்தார். ஓரமெங்கும் சாம்பல் கட்டங்கள். குரலைத் தாழ்த்தினார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"எத அங்கிள்?"

"நரைய."

"ஐயோ, நரை இல்ல. கறுப்புக்கும் தோல் கலருக்கும் நடுவுல பாதிப் பாதி கலர். கண்ணு ஏமாந்து, கோடு நேரா இருக்குன்னு நம்பிடும்."

"பாதி நரையும் நரைதான். எடு!"

எடுத்தாள், பத்துமலை திரும்பி வந்தது. "சரி, வை." வைத்தாள். "எடு." நாலு முறை ஆயிற்று.

"மூக்கால பாத்தா அப்படித்தான் தெரியும்," என்றார் அன்னம்மா. "எட்டப் போய் நின்னு பாருங்க."

வீரப்பன் பின்னாலேயே நடந்தார். கடை வாசலைத் தாண்டி, மோட்டார் சைக்கிள்களைத் தாண்டி, சரியாகப் பதினெட்டாவது அடியில் மீசை இழுத்த மைக்கோடாகிவிட்டது. ஓரடி முன்னே வந்தார்: நரை. பின்னே போனார்: இளமை.

"அடிச்சிடும்மா!" என்று அங்கிருந்தே கத்தினார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் மை பூசவில்லை. பதினெட்டு அடி தள்ளி நின்றால் போதுமே, மை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை பேனரைக் கோயில் முன்னால் ஓடும் லோங்காங்குக்கு அந்தப் பக்கம் கட்டினார். தானும் அதனடியில் நின்று, கால்வாய்க்கு இந்தப் பக்கம் நின்றவர்களைக் கும்பிட்டார். கைகுலுக்கப் பாலத்தில் ஏறி வந்த அப்புசாமியைப் பார்த்துப் பின்வாங்கியதில் செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே போய்விட்டார். எதிரிக்கும் வழிவிடும் மரியாதையான மனிதர் என்று அதற்கே ஒன்பது ஓட்டு கூடுதலாக விழுந்தது.

ஜெயித்தார். மாலையோடு ஓடி வந்தார்கள்.

"அங்கயே நில்லுங்க!" என்றார் புதுத் தலைவர். "தூக்கிப் போடுங்க, புடிச்சிக்கிறேன்."

முதல் மாலை லோங்காங்கில் விழுந்தது.