கத்திரிப்பூ நிறத்துக் கார்

இது நாற்பத்திரண்டில் நடந்ததா நாற்பத்து மூன்றிலா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல வரவில்லை. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து, கார் வைத்திருந்தவர்கள் கரிப்புகையில் எஞ்சினை ஓட்ட வண்டியின் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம் என்பது மட்டும் நிச்சயம். மணியன் சொன்னது கொஞ்சம், அவன் மனைவி சௌந்திரம் சொல்லாமல் விட்டது கொஞ்சம். மீதி இத்தனை வருஷத்தில் எனக்குள்ளேயே முளைத்ததாகவும் இருக்கலாம். எது எது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை.

மணியனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர். வாழப்பாடியில் பாக்குத் தோப்பு வாங்கிய பிறகு சேலம் அஸ்தம்பட்டிக்குக் குடிவந்துவிட்டான். இளவட்ட வயதில் அவனும் அவன் சேக்காளி அர்த்தநாரியும் பாதிப் பாதி போட்டு ஒரு பழைய ஃபோர்டு வாங்கினார்கள். ஒரு வாரம் இவன் வீட்டில் நிற்கும், மறுவாரம் அவன் வீட்டில். எஞ்சினைக் கிளப்ப முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது அது திருப்பி அடித்து அர்த்தநாரியின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதிலிருந்து அவன் வலது கையைக் கதவுக்கு வெளியே தொங்கப்போட்டு, விரல்களை ஆட்டிக்கொண்டே ஓட்டுவான்.

அந்தக் காலத்தில் கார்க்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சாலையில் இன்னொரு காரைக் கண்டால் நிறுத்தாமல் போகக் கூடாது. இருவரும் ஓரங்கட்டி இறங்கி, பானெட்டைத் திறந்து காட்டி, டயரைத் தட்டிப் பார்த்து, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் கிளம்புவார்கள். நிற்காமல் போனவன் இழந்த மரியாதை திரும்ப வெகுநாள் ஆகும்.

அர்த்தநாரியிடம் ஒரு படம் இருந்தது. ஏற்காட்டில் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை தூக்கிப் போட்ட பத்திரிகையிலிருந்து கிழித்தது. நீளமான கார், மூக்கே ஒரு மாட்டுவண்டி நீளம். இரண்டு பேரும் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது.

"பச்சைடா மாப்ள. நல்ல இருட்டுப் பச்சை" என்பான் மணியன்.

"உன்ற கண்ணுல மண்ணு. இது கத்திரிப்பூ நெறம். படத்துலயே தெரியுது பாரு."

"கருப்பு வெள்ளப் படத்துல என்னத்தடா தெரியுது?"

"காரு தெரிஞ்சவனுக்குத் தெரியும். நீ போயி கட்டவண்டி ஓட்டு."

சண்டை தீரவே இல்லை. யுத்தம் தொடங்கிய வருஷம் விஷ ஜுரத்தில் அர்த்தநாரி போய்விட்டான். அவன் மனைவி சென்னியம்மாள் ஃபோர்டைப் பிரித்து விற்றாள். மணியன் தன் பாதிப் பங்கைக் கேட்கவில்லை. அதன் எஞ்சின் ராசிபுரத்துப் பக்கம் ஒரு கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

மணியன் அதற்கு முன்பே ஒரு செவர்லே மூடுகார் வாங்கியிருந்தான். கூப்பன் காலத்தில் அதற்கும் கரியடுப்பு வந்தது. சாம்பலும் புழுதியும் உள்ளே வராமலிருக்க, கதவிடுக்கு, தரைப்பலகை இடுக்கு எல்லாவற்றுக்கும் மெழுகுத்துணி வைத்து அடைத்தான். "இந்தக் காருக்குள்ள எறும்பு நுழையாது" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தோப்புக்குப் போனான். அயோத்தியாப்பட்டணம் தாண்டிப் புளியமரங்கள் நெருங்கும் இடத்தில், முன்னால் ஒரு கார் போவதைக் கண்டான். நீளமான கார். பின்னால் அடுப்பு இல்லை, புகை இல்லை. வலப்பக்கக் கதவுக்கு வெளியே ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் ஆடின.

நிறம் கத்திரிப்பூ.

மணியன் ஹாரன் அடித்தான். அது நிற்கவில்லை. அவன் வேகம் எடுத்தால் அதுவும் எடுத்தது. வாழப்பாடிக்குள் நுழையும்போது சாலை காலியாக இருந்தது. அப்படி ஒரு கார் வந்ததா என்று கடைத்தெருவில் கேட்டான். யாரும் பார்க்கவில்லை. தலை விண்விண் என்று தெறித்தது.

அதன் பிறகு மழை நாட்களில் எல்லாம் அது வந்தது. வெயில் நாளில், கண்ணாடி இறக்கியிருந்தால், வரவில்லை. மனப்பிராந்தி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். தன் மனசு உண்டாக்கிய கார் என்றால் அது பச்சையாக அல்லவா இருக்க வேண்டும்? வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பான். வானம் மூடினால் மட்டும் முகம் தெளியும்.

ஒருநாள் பட்டறைக்காரன் சின்னண்ணன் காருக்கடியில் படுத்து எழுந்து வந்தான்.

"ஏனுங்க, அடுப்புக் கனம் தாங்காம பொகைக்கொழா வெடிச்சுருக்குதுங்க. பின் சீட்டுக்கு நேர் கீழ. உங்க மெழுகுத்துணிக்குள்ள எறும்பு நுழையாதுன்னீங்க, பொகை நல்லா குடித்தனமே நடத்துது."

"அதனால என்ன?"

"என்னவா? கரிப்பொகைங்க. மொதல்ல தலைவலி, அப்பறம் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், அப்பறம் தூக்கம். தூங்கினா எந்திரிக்கறதில்லைங்க. இப்பவே பத்த வெச்சு ஒட்டிடட்டுங்களா?"

மணியன் குனிந்து அந்த வெடிப்பைப் பார்த்தான். குழாயை ஒட்டினால் அர்த்தநாரி போய்விடுவான். ஒட்டாவிட்டால் என்றைக்காவது தானும் அவன் பின்னாலேயே போக வேண்டியதுதான். இரண்டும் அவனுக்கு நன்றாகப் புரிந்தது.

"அடுத்த வாரம் கொண்டாரேன்" என்றான்.

அந்த அடுத்த வாரம் வரவில்லை. மார்கழிக்கு முன்னால் வானம் மறுபடி மூடிய ஒரு காலையில், அவன் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது சௌந்திரம் சீலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"தோப்புக்கு நானும் வாரனுங்க."

"எதுக்கு? மழை வருது."

"மழை வந்தா நீங்க மட்டும் சிரிச்சுட்டே கெளம்பறீங்களே, அங்க எவ இருக்கறான்னு பாக்கத்தான்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னான். அவள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்கதவுக் கண்ணாடியை அவனே இறக்கிவிட்டான். இது போதும், காற்று வரும் என்று எண்ணிக்கொண்டான்.

அயோத்தியாப்பட்டணத்தில் மழை சாய்ந்து அடித்தது. "நனையுதுங்க" என்று அவள் கண்ணாடியை ஏற்றும் சத்தம் கேட்டது. அப்போதே அவன் காரை நிறுத்தியிருக்க வேண்டும். புளியமரங்கள் இன்னும் கொஞ்ச தூரம்தான். ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று போனான்.

கார் வந்தது. மழைக்குள் அதன் பின்பக்கம் நனையாமல் மினுங்கியது. கை வெளியே தொங்கியது. இரண்டு கார்களும் வெகுதூரம் அப்படியே போயின. சக்கரச் சத்தமும் மழைச் சத்தமும் தவிர ஒன்றுமில்லை.

பின்னாலிருந்து சௌந்திரத்தின் குரல் கேட்டது. நாக்கு குழறியது.

"முன்னாடி போறவரு... எதுக்குங்க வெரலை ஆட்டறாரு?"

மணியன் திரும்பிப் பார்த்தான். அவள் தலை சீட்டில் சாய்ந்து, வாய் திறந்து கிடந்தது.

பிரேக்கை மிதித்தான். கார் சேற்றில் சறுக்கிக் குறுக்காக நின்றது. கதவைத் திறந்து அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்து, மழையில் சாலையோரம் கிடத்தினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கன்னத்தில் தட்டினான். அவள் அசையவில்லை. தலை நிமிர்ந்தபோது முன்னால் அந்தக் கார் தெரிந்தது.

அது நின்றிருந்தது. ஓரங்கட்டி, வழக்கப்படி. ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவு மெல்லத் திறந்தது. ஒரு கால் கீழே இறங்குவது போல் இருந்தது. நாலு வார்த்தை பேசத்தான் நிறுத்தியிருக்கிறான். நடந்து போனால் முகத்தைப் பார்த்துவிடலாம்.

மணியன் எழுந்திருக்கவில்லை. அவள் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து, முகத்தில் மழை விழும்படி பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் மறுபடி பார்க்காமலிருக்கக் கண்ணை இறுக்கிக்கொண்டான். கார்க் கதவு சாத்தும் சத்தம் ஒன்று கேட்டது. அது தன் செவர்லேயின் கதவு காற்றில் அடித்ததாகவும் இருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் வாழப்பாடிப் பக்கமிருந்து பாக்கு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரர் குதித்து ஓடி வந்தார்.

"என்னங்க, அம்மா மேல காரை உட்டுட்டீங்களா?"

"இல்ல. பொகை."

"மாட்டைக் கட்டி ஓட்டுனா இந்தத் தொல்லை உண்டுங்களா?" என்று சொல்லிக்கொண்டே அவர் அவள் உள்ளங்காலைத் தேய்க்கத் தொடங்கினார். வெகுநேரம் கழித்து சௌந்திரம் வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். மணியன் குழந்தை மாதிரி அழுதான்.

அதே மூட்டை வண்டியில் சேலம் திரும்பினார்கள். செவர்லேயை மறுநாள் சின்னண்ணன் போய் ஓட்டி வந்து, குழாயை ஒட்டி, மெழுகுத்துணி அத்தனையையும் உரித்துப் போட்டான். அதன்பின் எந்த மழையிலும் மணியன் அந்தக் காரைக் காணவில்லை. சௌந்திரம் அன்றைக்கு என்ன பார்த்தாள் என்று அவன் கேட்கவில்லை, அவளாகவும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து புதுக் கார்கள் வந்தன. மணியன் வாங்கவில்லை. நாற்பத்தொன்பதில் தோப்பிலேயே மாரடைத்து இறந்தான். சௌந்திரம் திருச்செங்கோட்டுக்கு மகன் வீட்டுக்குப் போய், நெடுங்காலம் இருந்து, தூக்கத்தில் போனாள். சின்னண்ணன் நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்து நன்றாக இருந்தான். சென்னியம்மாள் காட்டை விற்றுவிட்டுப் பழனியில் போய்த் தங்கினாள் என்று கேள்வி. செவர்லேயை ஆத்தூர்க்காரர் ஒருவர் எடைக்கு வாங்கினார்.