பதினொன்றரைக் கிலோ போன்

சென்ற வருஷம் ஆகஸ்டில் ஹப்சிகுடாவில் ஹம்ஸினியின் போன் பதினொன்றரைக் கிலோ இருந்தது. நிறுத்துப் பார்த்தது தெருமுனைக் கிரானாக் கடையில். தராசில் கோளாறில்லை என்று காட்டக் கடைக்காரர் ஒரு கிலோ துவரம்பருப்பை நிறுத்தார்; சரியாகத்தான் இருந்தது. அம்மா கல்பகம் அந்தப் பருப்பையும் வாங்கிக்கொண்டு, பெண்ணையும் போனையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

காரணம் வீட்டிலேயே இருந்தது. அப்பா வெங்கட்ரமணன் ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் அதிகாரி. பெண் அரசியல் பேசினால் அப்பாவிடம் விளக்கம் கேட்பார்கள் என்ற பயம் அந்த வீட்டில் உப்பு டப்பா மாதிரி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதனால் ஹம்ஸினி இன்ஸ்டாகிராமில் எதைப் போடுவதானாலும் முதலில் தாளில் எழுதி ஞாயிற்றுக்கிழமைக் காபியோடு அவர் முன் வைக்க வேண்டும். பிறந்தநாள் வாழ்த்து, கொலு எல்லாம் அன்றே பாஸாகிவிடும். மற்றதற்கெல்லாம் ஓரத்தில் பச்சை மையில் 'பின்னர் பரிசீலிக்கலாம்' என்று எழுதுவார். 'கூடாது' என்று ஒருமுறைகூட எழுதியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தப்பு அங்கேதான். கூடாது என்றிருந்தால் அவள் அழித்திருப்பாள். பின்னர் என்றதால் எல்லாவற்றையும் டிராஃப்டில் சேர்த்து வைத்தாள். பஸ் கட்டணம் ஐம்பது கிராம், தேர்தல் இருநூறு என்று போனில் எடை ஏறியது.

நாலு கிலோ ரோஸ்லினுடையது. நாச்சாரத்தில் இருந்த கல்லூரித் தோழி ரோஸ்லின், அங்கே ஒரு பட்டறை சாயத்தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிடுகிறது, பிள்ளைகளின் காலெல்லாம் புண், வார்டுத் தலைவருக்கும் இது தெரியும் என்று ஜனவரியில் எழுதினாள். பொய்க்காரி என்று இரண்டாயிரம் பேர் ஏசினார்கள். அவளுக்கு வேலை ஆர்டர் தந்த கம்பெனி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதே கம்பெனியின் ஆர்டர் ஹம்ஸினியிடமும் இருந்தது. 'ரோஸ்லின் சொன்னது பொய் இல்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்' என்று அவள் எழுதிய தாள் பச்சை மையோடு திரும்பி வந்தது. ரோஸ்லின் ஒன்றும் கேட்கவில்லை, பேசுவதைத்தான் நிறுத்திவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை தார்னாகா பஸ் ஸ்டாப்பில் நின்றபோது ஹம்ஸினி ஒன்றைக் கவனித்தாள். அங்கிருந்த இளவட்டங்கள் அத்தனை பேரும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றார்கள். ஊர் அதை ஃபேஷன் என்று நினைத்திருந்தது. ஒருத்தி போனைச் சக்கரம் வைத்த பெட்டியில் இழுத்து வந்தாள். ஹர்ஷா என்ற பையன் ஹம்ஸினியிடம் எத்தனை கிலோ என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டான். அவள் சொன்னாள். தன்னுடையது இருபத்தாறு என்றான் அவன். இத்தனை பேரும் இத்தனை பேச்சைச் சுமந்துகொண்டா தினமும் பஸ் ஏறுகிறார்கள் என்று அவள் வரிசை முழுவதையும் திரும்பிப் பார்த்தாள்.

அன்று மாலை அவள் அப்பாவிடம் போய், "இந்த வாரம் பேப்பர் நக்கோப்பா, வேண்டாம். போட்டுட்டேன்" என்றாள்.

போன் அந்த நிமிஷமே நாலு கிலோ குறைந்தது. வசவுகள் ரோஸ்லினுக்கு வந்ததைவிட அதிகமாக வந்தன. அவற்றுக்கு எடையே இல்லை என்பது கிரானாக் கடையில் உறுதியானது. வியாழக்கிழமை கம்பெனி ஆர்டரை ரத்து செய்தது. வெள்ளிக்கிழமை ரோஸ்லினிடமிருந்து எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வரி வந்தது: "அன்னிக்கு உன் ஷூவும் நனைஞ்சுதுல்ல?" ஹம்ஸினி அதைப் படித்துவிட்டு அழுதாள்.

வெங்கட்ரமணன் ஞாயிற்றுக்கிழமை பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னோடதைக் கொஞ்சம் தூக்கணும்மா. என்னால முடியல."

மேசைமேல் இருந்த அவருடைய போனை கல்பகமும் வந்து மூவரும் சேர்ந்து பிடித்தார்கள், அசையவில்லை. ஹம்ஸினி குனிந்து திறந்து பார்த்தாள். பதினோரு வருஷத்து டிராஃப்டுகள் இருந்தன. கடைசியாக இருந்தது திங்கட்கிழமை எழுதியது: 'இவள் என் பெண். இவள் பொய் சொல்ல மாட்டாள்.' அவர் ரிட்டையராக இன்னும் எட்டு மாதம் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் ஒற்றை விரலால் பதிவிட்டார். மேசைக்கால் ஒரு தரம் முனகி நிமிர்ந்தது. மறுநாள் காலை வழக்கம்போல எட்டே காலுக்கு ஆபீசுக்குக் கிளம்பினார்.