மலை வெங்காய வறை

தியாகராசாவின் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு ஒரு நாள்தான் இருந்தது. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். மீன், இறைச்சி, அவர் ஒளித்துக் குடித்த விஸ்கிகூட வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் மனைவி இந்திராதேவிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மலை வெங்காய இலை வறை இல்லாமல் அந்த மனிதருக்கு என்ன படையல்?

மே மாதத்தில் சில கிழமைகள்தான் அந்த இலை கிடைக்கும். நண்பர் கணேசலிங்கத்தின் மலைச்சரிவுக் காணியில், மேப்பிள் மரங்களின் கீழ் தானாக முளைக்கும். கிழங்கைத் தொடாமல் செடிக்கு ஓர் இலை கிள்ளி வருவார் தியாகராசா. பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு வறுத்தால் அவர்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் மாடிப்படி முழுக்க உள்ளிப்பூண்டு மணக்கும். ஆனால் முதல் நாள் வறையை மனிதர் தனியே இருந்து தின்பார். ஒரு வாய் கேட்டாலும் தரமாட்டார். மனைவிக்கும் மகளுக்கும் மறுநாள்தான். தின்றுவிட்டு அன்றிரவு படுக்காமல் கதிரையிலேயே இருப்பார். "தனியத் திண்டால் செமிக்குமே?" என்று இந்திராதேவி ஏசுவாள். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், உள்ளுக்குள் நொந்துகொள்வாள்.

இம்முறை அவளே கணேசலிங்கத்தோடு போய்க் கிள்ளி வந்தாள். ஒவ்வோர் இலையையும் முகர்ந்து பார்த்துத்தான் பையில் போட்டாள்.

மகள் தனுஷா இலைகளைக் கழுவும்போது ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். அதோடு ஒட்டி வந்த தண்டில் வெள்ளை மணிகளாக மொட்டுகள் தொங்கின.

"அம்மா, இது மியுகே எண்ட பூச்செடி, இலை மலை வெங்காயம் மாதிரியேதான் இருக்கும். நான் சின்னப்பிள்ளையளைப் பாக்கிற கார்டரி முத்தத்திலை நிண்டதைப் பிடுங்கி எறிஞ்சனாங்கள். நஞ்சு."

"மணந்து பாத்துத்தானே பிடுங்கினனான், பிள்ளை."

"உங்கட கைதான் மணக்குது."

இந்திராதேவி விரல்களை முகர்ந்தாள். உண்மைதான். முதல் இலையிலேயே கையில் மணம் ஏறிவிட்டது. பிறகு எதைப் பிடித்தாலும் உள்ளிதான். படைத்ததை நாளைக்குச் சொந்தமெல்லாம் பகிர்ந்து சாப்பிட்டிருக்கும். அதன் பிறகுதான் மற்றது உறைத்தது. தனியே தின்றது, தூங்காமல் இருந்தது எல்லாம் எதற்கென்று விளங்க, அடுப்படியிலேயே வாய்விட்டு அழுதாள்.

"எல்லாத்தையும் எறிவம், அம்மா."

"இல்லை. அவருக்குப் படைக்க வேணும்."

ஓர் இலையைக் கிழித்து முகர்வதும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதுமாகத் தாயும் மகளும் பொழுதுபடும்வரை இருந்தார்கள். சந்தேகமானதெல்லாம் குப்பைக்குப் போனது. மிஞ்சியதில் பாதியை நாளைக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியை வறுத்துக் கோப்பையில் போட்டுக்கொண்டு இந்திராதேவி கணவரின் கதிரையில் அமர்ந்தாள்.

"படைக்க முன்னம் வாய் வைக்கக்கூடாதெல்லோ, அம்மா?"

"உன்ரை அப்பா வருசாவருசம் எங்களுக்கு முன்னம் தான் வாய் வைச்சவர். இந்த முறை நான் வைக்கிறன்."

"அப்ப எனக்கும் கொஞ்சம் தாங்கோ."

தனுஷா கையை நீட்டினாள். இந்திராதேவி கோப்பையை மார்போடு இழுத்துக்கொண்டாள். ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை.