உதட்டில் ஒட்டிய மை

என் தம்பியோட டென்னிஸ் மட்டைக்கு மாட்டுக்குடல் நரம்பு கட்டுறது நான்தான். ஃபைனல்ல ஜெயிச்சதும், போட்டோவுல கம்பெனி சின்னம் பளிச்சுன்னு தெரியணும்னு மட்டையை என்கிட்ட நீட்டினான். நரம்பு மேல ஸ்டென்சிலை வெச்சுக் கறுப்பு மை தடவினேன். "குடல் நரம்புடா, மெதுவாத்தான் காயும், பொறு"ன்னேன். துரைக்கு ஏது பொறுமை? பிடுங்கிட்டு ஓடினான்.

கேமரா முன்னாடி நின்னு, "நரம்பு கட்டுறதுகூட எங்க கோச்தான், எல்லாப் பெருமையும் அவருக்கே"ன்னு சொல்லி மட்டைக்கு முத்தம் கொடுத்தான். உதடெல்லாம் கறுப்பு. கூட்டமே விழுந்து விழுந்து சிரிச்சுது.

நேரா வந்து என்மேல பாஞ்சான்: "ஏன்க்கா காய விடல? நரம்பு கட்டுறது, மை அடிக்கிறது எல்லாம் நீதானே!"

நாலு பேர் முன்னாடி அவன் அதைச் சொன்னது அன்னைக்குத்தான்.