மண் இளகும் வரை

வெர்லின் ஜனவரியில் செத்துப்போனான். எங்கள் ஊரில் ஜனவரியில் சாகிறவர்களுக்குக் குழி கிடையாது. தரை ஓர் ஆள் ஆழத்துக்கு உறைந்து கிடக்கும். கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் கல் அறையில் பெட்டியை வைத்துப் பூட்டிவிட்டு, மண் இளகட்டும் என்று வீட்டுக்குப் போய்விடுவோம். வழக்கம்தான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவன் மனைவி மார்லிஸ் மட்டும் பெரிதாக எடுத்துக்கொண்டாள்.

நான் அவர்களுக்கு எதிர்வீடு. ஆர்விட் என்று பெயர், கல்யாணம் ஆகாதவன். கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன். சாலைப் பனியைத் தள்ளிவிட்டு வரும்போது அவள் வாசல் பனியையும் தள்ளிவிட்டு, உள்ளே போய் ஒரு காபி குடிப்பேன். அவள் போடும் காபி கழுநீர் மாதிரி இருக்கும். வெர்லின் எப்படி அதை இத்தனை வருடம் குடித்தான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வெர்லின் வேலை பார்த்த காகித ஆலையிலிருந்து வந்த கடிதங்கள் மேசையில் பிரிக்காமலே சேர்ந்துகொண்டே போயின. துக்க வீட்டுக்குப் பாத்திரத்தோடு கேசரோல் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்த அத்தனை பேருக்கும் கைப்பட நன்றி எழுதி அனுப்பினாள், பாத்திரங்களைத் துலக்கித் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் கடிதங்களை மட்டும் தொடவில்லை. ஒருநாள் பிரிக்கச் சொன்னேன்.

"அடக்கம் முடியட்டும் ஆர்விட். அவர் இன்னும் அங்கதானே இருக்கார்" என்றாள்.

அங்கே என்றால் அந்தக் கல் அறையில். மண்ணுக்குள் போகாத மனுஷனை இறந்தவன் என்று எழுதிக்கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பனி விட்டபாடில்லை, லாரியில் உட்கார்ந்தே பாதி தூங்கிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் பற்றிச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

மே மாதம் மண் இளகியது. வெர்லினைப் புதைத்தோம். அன்று சாயங்காலமே மார்லிஸ் கடிதங்களைப் பிரித்தாள். காகித ஆலை கொடுத்துவந்த மருத்துவக் காப்பீடு அவனோடேயே முடிந்துவிட்டிருந்தது. வாழ்க்கையில் இப்படிப் பெரிய மாற்றம் வந்தால் வேறு காப்பீட்டில் புதிதாகச் சேர இரண்டு மாதம் கதவைத் திறந்து வைப்பார்கள். அந்த இரண்டு மாதமும் பனிக்குள்ளேயே கழிந்துவிட்டது. போனில் பேசிய பெண் மிகவும் மரியாதையாக, இனி வருடக் கடைசியில்தான் சேர முடியும், ஜனவரியிலிருந்துதான் செல்லும் என்றாளாம். ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியும் இல்லை, அவளுக்கு வரும் வெர்லினின் ஓய்வூதியம் குறுக்கே நின்றது.

சரி, ஜனவரிவரை காய்ச்சல் தலைவலி வராமல் பார்த்துக்கொள் என்றேன் கிண்டலாக. அவள் சிரிக்கவில்லை. கழுத்துப்பட்டையை விலக்கி, காதுக்குக் கீழே ஒரு கட்டியைக் காட்டினாள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், ஜனவரி வரைக்கும் காத்திருக்கிற கட்டி இல்லை இது என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலோ முதலில் காப்பீட்டு அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். கைக்காசில் செய்வதென்றால் வீட்டை விற்க வேண்டும். விற்றுவிட்டு எங்கே போவாள்? எனக்குப் பயமாக இருந்தது, அவளுக்கு அலுப்பாக மட்டும் இருந்தது.

மறுநாள் வேலையிடத்தில் கேட்டுப் பார்த்தேன். கல்யாணமும் ஒரு மாற்றம்தான், கட்டிக்கொண்டவளை என் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

"மார்லிஸ், என்னைக் கட்டிக்கோ" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "குடிச்சிருக்கியா?"

"உன் காபியைக் குடிக்கிறவன் வேற எதைக் குடிச்சாலும் தாங்குவான். உன் வீட்ல நீ இரு, என் வீட்ல நான் இருக்கேன். எனக்கு இருக்கிற இன்சூரன்ஸ் உனக்கும் வரும், அவ்வளவுதான்."

"புதைச்சு ஒரு வாரம் ஆகலை. ஊர் என்ன பேசும்?"

"ஊர் வந்து ஸ்கேன் எடுத்துக் குடுக்குமா?"

விரலில் இருந்த மோதிரத்தைத் திருகினாள். பிறகு, "வெர்லின்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றாள்.

"இது அவன் பாக்கவேண்டிய வேலை, அவன் வரமுடியாததால ஆர்விட் வந்தான்னு சொல்லு."

எனக்கு அவள்மேல் காதல் இல்லை. என்னிடம் இருந்தது வெர்லின்மேல் கோபம்தான், இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானே என்று. அதையும் அவளிடம் சொன்னேன். தனக்கும் அதே கோபம்தான் என்றாள்.

அடுத்த வாரம் நீதிமன்றக் கட்டடத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக்கு என்னோடு லாரி ஓட்டுகிற இருவர் வந்தார்கள். மோதிரம் இல்லை. வெர்லின் போட்ட மோதிரம் அவள் விரலிலேயே இருந்தது, கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நீதிபதி எங்களைப் பார்த்து, முத்தம் கொடுத்துக்கொள்ளலாம் என்றார். நாங்கள் கை குலுக்கிக்கொண்டோம்.

இனியொரு கதவு மூடிவிடக்கூடாது என்று அங்கிருந்தே அவளை மாடிக்குக் கூட்டிப்போனேன். கவுண்டி ஊழியர்களின் காப்பீட்டைப் பார்க்கும் அலுவலகம் அங்கேதான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நிமிராமலே, "வாழ்க்கையில என்ன மாற்றம் நடந்திருக்கு?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மார்லிஸ் சொன்னாள். "வெர்லின் செத்துப்போயிட்டார்."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். நான் மார்லிஸின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்கு நேரம் முடிஞ்சுபோச்சு மார்லிஸ்" என்றேன். "இப்ப கல்யாணம்னு சொல்லணும்."

அவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த கல்யாணச் சான்றிதழைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கல்யாணம்" என்றாள்.

அந்தப் பெண் கணினியில் தட்டி முடித்தாள். நான் ஸ்கேனைப் பற்றிக் கேட்டதற்கு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து செல்லும், இப்போதே நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு எல்லோரிடமும் சொல்வதுபோல எங்களிடமும், "வாழ்த்துகள்" என்றாள்.

அப்போதுதான் மார்லிஸ் அழுதாள். ஜனவரியிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து, அந்தக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.